பெங்கிரிப் புல்லின் இருவகை: ஒரு வரலாற்று நோக்கு

சவர்க்காரத்துக்கும் நுளம்புத் தைலத்துக்கும் வாசனையூட்டும் சிற்றொனெல்லா எண்ணெய் உலகச் சந்தையிலே இரு பெயர்களால் அறியப்படுகின்றது. ஒன்று இலங்கை வகை. மற்றையது யாவா வகை. தரத்திற் சிறந்ததெனக் கருதப்படுவது பின்னையதே. ஆயின், யாவா வகையைத் தரும் புல்லும் இலங்கையிலிருந்து சென்றதே என்பது பலரும் கவனியாத செய்தியாகும்.

தென்மாகாணத்து விவசாயிகள் இப்புல்லைப் பெங்கிரி என்பர். அதில் மகா பெங்கிரி, லேனபட்டு என இருவகை உண்டு. மகா பெங்கிரியின் இலை அகன்றது, எண்ணெயும் மிகுதி. அவ்வெண்ணெயில் மொத்த ஜெரானியோல் நூற்றுக்கு 85 அளவில் அமைய, லேனபட்டுவில் அது 55 முதல் 65 வரையே அமையும். எனினும் மகா பெங்கிரி வளமான மண்ணையும் ஈரத்தையும் வேண்டுவது. சில ஆண்டுகளுக்கொருமுறை மறுநடுகையும் கேட்பது. லேனபட்டுவோ மெலிந்த மண்ணிலும் பல்லாண்டு நின்று பயன்தரும். (மலையகத் தோட்டத்தார் நன்கறிந்த மானாப்புல் இவற்றின் காட்டு உறவினம்.) 1908இல் பேராதனைப் பூங்காவின் ஆய்வேட்டில் யோவிற் என்பார், மகா பெங்கிரிக்கு எண்ணெய் வடிப்பாளர் விண்டரின் நினைவாக அறிவியற் பெயர் சூட்டினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகா பெங்கிரி யாவாவுக்குச் சென்றது. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளிலோ லேனபட்டுவே பரவி நின்றது. இதனை விவசாயியின் அசட்டை எனக் கொள்வது பொருந்தாது. வன்னியிலே தண்ணீரூற்றை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஊற்றுநீர் எட்டும் நிலத்துக்கு ஒரு பயிர். வானத்தையே நம்பிய நிலத்துக்கு இன்னொரு பயிர். மேட்டு நிலத்தில் வரகும் சாமையும் விதைத்தவனை, நெல் விதையாத சோம்பேறி என எவரும் கூறார்.

சந்தையும் அவனுக்குத் துணைநிற்கவில்லை. மண்ணெண்ணெய் கலந்த எண்ணெய் ஏற்றுமதியானபோது, லைப்சிக் நகரின் சிம்மல் நிறுவனம் ஒரு சோதனையை வகுத்தது. நூற்றுக்கு 80 வலுவுடைய மதுசாரத்தில் எண்ணெய் தெளிவாகக் கரைதல் வேண்டும். பத்து மடங்கு மதுசாரம் சேர்த்த பின்னரும் துளிகள் பிரிதலாகாது. இச்சோதனை தேறுதற்குரிய கீழெல்லையைக் குறித்ததேயன்றி, அதற்கு மேற்பட்ட தரத்துக்கு விலை எதனையும் குறிக்கவில்லை. சிறு கலப்பு இதற்குத் தப்பவும் கூடும். தேறினாற் போதும் என்ற நிலையில், வறண்ட சரிவுக்குரியவன் மகா பெங்கிரியை நட்டு நட்டமடைய வேண்டிய நியாயம் யாது?

யாவாவில் அப்புல்லுக்கு வளமண்ணும் மழையும் வாய்த்தன. பின்னர்த் தாய்வானும் குவாத்தமாலாவும் அவ்வகையையே பயிரிட்டன.