தந்தையின் பெயரும் மகனின் வானொலியும்

முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களின் உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை என்றும், தளபதியானாலும் கடைநிலைச் சிப்பாயானாலும் அனைவருக்கும் ஒரே வகைக் கல்லே நாட்டப்படும் என்றும் பிரித்தானியப் பேரரசு எடுத்த முடிவு, இலட்சக்கணக்கான குடும்பங்களின் துக்கத்தைக் கடல் கடந்த மண்ணில் நிறுத்திவிட்டது. இதற்கென 1917-இல் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், உடல் கிடைத்தவர்களுக்குத் தனிக் கல்லறை அமைத்தது. குண்டுவீச்சில் சிதைந்தும் சேற்றில் புதைந்தும் அடையாளமின்றிப் போனவர்களின் பெயர்களைச் சுவர்களில் பொறித்தது. தமிழரின் நடுகல் பெரும்பாலும் வீரன் வீழ்ந்த இடத்தைச் சுட்டி நிற்பது. இச்சுவர்களோ வீழ்ந்த இடமே தெரியாதவர்களுக்காக எழுந்தவை. வட பிரான்சின் அராஸ் நகரில், டில்லி இந்தியா கேட்டை வடிவமைத்த அதே எட்வின் லட்யன்ஸின் திட்டப்படி கட்டப்பட்டு 1932-இல் திறக்கப்பட்ட நினைவகத்தில் ஏறத்தாழ 35,000 பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, 1918 மார்ச்சில் ஜெர்மானியர் தொடங்கிய பெருந்தாக்குதலின்போது பத்தொன்பது வயதில் உயிர்நீத்த சில்டன் என்னும் லண்டன் சிப்பாயின் பெயர்.

அச்சிப்பாயின் மகன் சார்ல்ஸ் சில்டன் 1917 ஜூனில் பிறந்தவர் ஆதலால், தந்தையைப் பற்றி அவருக்குச் சொந்த நினைவு என்று ஒன்றும் இருக்க வாய்ப்பில்லை. தாயும் இளமையிலேயே இறந்துவிட, பாட்டியிடம் வளர்ந்த அவர், 1930-களின் தொடக்கத்தில் பி.பி.சி. நிறுவனத்தில் கடிதமும் கோப்பும் எடுத்துச் செல்லும் ஏவல் பையனாகச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டமும் மேட்டுக்குடி உச்சரிப்பும் செல்வாக்குப் பெற்றிருந்த அந்நிறுவனத்தில், ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவன் இசைத்தட்டு நூலகத்துக்கு மாறி, அங்கிருந்து ஜாஸ் இசை நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளராக உயர்ந்தது எளிய செய்தியன்று. தட்டுகளைத் தேடி எடுத்து அடுக்கும் வேலையில் வாய்த்த பாடலறிவே பின்னாளில் அவருடைய முதலீடாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்த சில்டன், இலங்கைக்கு அனுப்பப்பட்டுப் படையினருக்கான வானொலியில் பணியாற்றினார். மவுண்ட்பேட்டன் பிரபு தலைமை தாங்கிய தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் 1944-இல் டில்லியிலிருந்து கண்டிக்கு இடம்பெயர்ந்திருந்தது. பர்மா, மலாயாக் களங்களில் இருந்தவர்களும், போர் முடிந்த பின்னும் ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தவர்களும் கேட்பதற்கென அத்தலைமையகத்தின் சார்பில் கொழும்பிலிருந்து ‘ரேடியோ சியாக்’ ஒலிபரப்பாயிற்று; சியாக் என்பது அத்தலைமையகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். பிற்காலத்தில் பி.பி.சி.யின் புகழ்பெற்ற குரலாக விளங்கிய டேவிட் ஜேக்கப்ஸ், கடற்படையிலிருந்து வந்து இந்நிலையத்தின் தலைமை அறிவிப்பாளராக இருந்தவர். ஜாஎலவுக்கு அருகிலுள்ள ஏக்கலவில் இந்நிலையத்துக்கென நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, அதாவது வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும் அலைகளை அனுப்பும் கருவி, 1949-இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. தமிழகத்து வீடுகளில் இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு ஏக்கலவின் பங்கு பெரிது. படைவீரரின் பொழுதுபோக்குக்கு வைத்த கருவி திரைப்பாடல் இரசிகர்களுக்குப் பயன்பட்டதை அதை நிறுவியவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

லண்டன் திரும்பிய சில்டன், 1953-இல் தொடங்கிய ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’ என்னும் விண்வெளிப் பயணத் தொடர் நாடகத்தை எழுதித் தயாரித்துப் பெரும்புகழ் பெற்றார். மாலை நேரத்தில் தொலைக்காட்சியைவிட மிகுதியான நேயர்களைப் பெற்ற கடைசிப் பிரித்தானிய வானொலி நிகழ்ச்சி என்று அது குறிப்பிடப்படுகிறது. எனினும் அவருடைய வாழ்நாள் பணியில் தலையாயது அதுவன்று.

1958-இல் ஐரோப்பியப் பயணம் ஒன்றின்போது, வளர்த்த பாட்டியின் வேண்டுகோளுக்கிணங்கத் தந்தையின் கல்லறையைப் படமெடுக்க அராஸ் சென்ற சில்டன், அங்கே கல்லறையைக் காணவில்லை. சுவரில் பெயரை மட்டுமே கண்டார். ஒரே வட்டாரத்தில் இத்தனை ஆயிரம் பேரைப் புதைக்கவும் இயலாதபடி என்னதான் நேர்ந்தது என்னும் கேள்வி அவரைப் போர் வரலாற்றைத் துருவித் துருவிப் படிக்கச் செய்தது. தளபதிகளின் நினைவுக்குறிப்புகளும் படைப்பிரிவு வரலாறுகளும் ஏராளமாக அச்சேறியிருந்தும், எழுதிப் பழகாத சாதாரணச் சிப்பாயின் உள்ளத்தை அறிய அவை போதவில்லை. அதற்கு எஞ்சியிருந்த நேரடிச் சான்றுகளுள் முதன்மையானவை அச்சிப்பாய்கள் பதுங்கு அகழிகளிலும் அணிவகுப்புகளிலும் பாடிய பாடல்களே. தேவாலயத் துதிப்பாடல்களின் மெட்டிலும், ‘மியூசிக் ஹால்’ எனப்பட்ட மலிவுக் கட்டணக் கேளிக்கை அரங்குகளின் மெட்டிலும் சொற்களை மாற்றிப் போட்டு, அதிகாரியையும் உணவையும் சாவையும் கேலி செய்த அப்பாடல்களை ஜான் பிராஃபியும் எரிக் பார்ட்ரிட்ஜும் 1930-லேயே தொகுத்து வெளியிட்டிருந்தனர். ஏட்டில் கிடந்தவற்றைச் செவிக்குக் கொண்டுவந்தது சில்டனின் செயல். 1961-இல் பி.பி.சி. ஒலிபரப்பிய ‘தி லாங் லாங் டிரெய்ல்’ என்னும் அவருடைய நிகழ்ச்சி, போரின் போக்கை விவரிக்கும் உரைக்கு நடுவே இப்பாடல்களை நிறுத்தியது. வெற்றி அறிக்கை ஒருபுறமும் அதே நாளில் மாண்டவரின் தொகை மறுபுறமும் நிற்க, இடையில் ஒலித்த வேடிக்கைப் பாட்டு கேட்டவர்களை நிலைகுலையச் செய்தது. தந்தையின் பெயரைச் சொல்லிப் புலம்பாமல், அவர் பாடியிருக்கக்கூடிய பாட்டை நாடறியக் கேட்கச் செய்தமையே இந்நிகழ்ச்சியின் நுட்பம்.

ஜோன் லிட்டில்வுட் இயக்கிய ‘தியேட்டர் ஒர்க்ஷாப்’ நாடகக்குழு இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு, ‘ஓ வாட் எ லவ்லி வார்’ என்னும் இசைநாடகத்தை 1963-இல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் மேடையேற்றியது. படைச் சீருடைக்கு மாறாகக் கடற்கரைக் கோமாளிகளின் வெள்ளாடை அணிந்து நடிகர்கள் பாட, மேடைக்கு மேலிருந்த மின்பலகையில் உயிரிழப்பு எண்ணிக்கைகள் ஓடின. 1969-இல் ரிச்சர்ட் அட்டன்பரோ இதைத் திரைப்படமாக்கினார். முதல் உலகப் போர் என்றாலே மூடத் தளபதிகளும் வீணாய் மடிந்த சிப்பாய்களும் என்று பிரித்தானியப் பொதுமனத்தில் படிந்த சித்திரத்துக்கு இந்நாடகம் ஒரு முக்கியக் காரணம் என்பதை, அச்சித்திரம் மிகையானது என வாதிடும் போர் வரலாற்றாசிரியர்களும் மறுப்பதில்லை. அவர்களுடைய வாதத்தில் நியாயமும் உண்டு. கேலிப்பாட்டு பாடிய சிப்பாய்கள் எல்லாரும் போரை வெறுத்தவர்கள் என்று கொள்வதற்கில்லை.

சில்டன் 2013 ஜனவரியில் தம் 95-ஆம் வயதில் காலமானார். இந்நாடகத்தின் பெருமை பெரும்பாலும் லிட்டில்வுட்டுக்கே அளிக்கப்படுகிறது. மேடை வடிவம் அவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடல்களைச் சான்றாகக் கொண்டு போரைச் சொல்லும் முறையைக் கண்டவர் சில்டன். ஆகவே அதன் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரை முதலில் வைப்பதே முறை.