கடுகுப் பூந்தாதும் குட்டைச் செடியும்: ஒரு வளரூக்கியின் வரலாறு

ஜனவரி மாதம் டெல்லியிலிருந்து ரேவாரி, ஆல்வார் பக்கம் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும்; கண்ணுக்கெட்டிய தூரம் கடுகுப் பூவின் மஞ்சள்தான். எண்ணெய் வித்து வியாபாரத்திலேயே காலத்தை ஓட்டிய எனக்கு அதைப் பார்த்தால் மூட்டையும் விலையும்தான் ஞாபகம் வரும். அந்தப் பூந்தாதுக்குள் ஒரு விஞ்ஞான வரலாறு கிடப்பது மிகத் தாமதமாகவே தெரிய வந்தது. அதுவும் ஒரு வாக்குவாதத்தால்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விற்பனையாளர் என் கடைக்குப் பயிர் மருந்து பாட்டில் ஒன்றைக் கொண்டு வந்தார். 'ஹோமோபிராசினோலைடு 0.04 சதவீதம்' என்று அதில் போட்டிருந்தது. "ஸ்டீராய்டு வகை சார், தெளிச்சா பயிர் எழும்பும்" என்றார். "பயில்வானுக்கு ஊசி போடுற மாதிரியா? எடுத்துட்டுப் போப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். தாவரவியல் படித்த என் மகள் சிரித்தாள். "அப்பா, நீங்க வித்த கடுகுலயே அந்தக் குடும்பத்துச் சரக்கு இயற்கையா இருக்கு" என்றாள். அன்றைக்குப் படிக்க ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தடயம் ஜப்பானில் கிடைத்தது. 1968-இல் மருமோ என்பவரும் தோழர்களும் இசுநோகி என்ற மரத்தின் இலைகளிலிருந்து, நெல்லின் இலையைச் சாய்ந்து விரியச் செய்யும் பொருள்களைப் பிரித்தார்கள். சுமார் 430 கிலோ இலை அரைத்தும் கிடைத்தது ஒரு மில்லிகிராமை ஒட்டிய அளவுதான். அது இன்ன பொருள் என்று கண்டறிய அந்த அளவு போதவில்லை. விஷயம் அங்கேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் நகரிலுள்ள விவசாயத் துறை ஆய்வுக்கூடத்தில் மிட்செல் என்பவர் வேறு வழியில் போனார். மகரந்தம் முளைக்கும்போது மளமளவென்று நீள்கிறதே, அதில் ஏதோ வளரூக்கி இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். சுமார் 60 செடிகளின் மகரந்தத்தைச் சோதித்தார்கள். 'ரேப்' என்னும் கடுகினச் செடி, நம் வடநாட்டுக்காரர்கள் கோபி சர்சோன் என்கிறார்களே அதுதான், எல்லாவற்றையும் மிஞ்சியது. அதன் சாற்றைத் தடவிய அவரைச் செடியின் தண்டு நீண்டது, பருத்தது. கடுகினத்தின் தாவரவியல் பெயர் பிராசிகா. அதனால் அந்தச் சாற்றுக்கு 'பிராசின்' என்று பெயரிட்டு 1970-இல் வெளியிட்டார்கள்.

பலர் நம்பவில்லை. இது பல பொருள்களின் கலவை, தனிப்பொருள் அல்ல என்றார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானதே. கலப்படச் சரக்கைச் சோதித்துத் தரம் சொல்ல முடியாது என்பது எங்கள் மண்டியிலும் தெரிந்த சங்கதி. பதில் வர ஒன்பது வருஷம் ஆயிற்று. தேனீக்கள் சேர்த்த மகரந்தம் சுமார் 230 கிலோவை வடித்து வடித்துச் சில மில்லிகிராம் படிகம் எடுத்தார்கள். (எங்கள் வீட்டில் தேன் ஆகாது, இந்தக் கணக்கைப் படித்தபோது தேனீக்களின் உழைப்பை நினைத்து மனம் கொஞ்சம் சங்கடப்பட்டது.) எக்ஸ்-கதிர் மூலம் அதன் அமைப்பு தெரிந்தது. 1979-இல் 'பிராசினோலைடு' என்று அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் பூஷண் மண்டவா என்ற இந்தியப் பெயரும் உண்டு. பொருளோ ஸ்டீராய்டு! பூச்சிகள் தோலுரிக்க உதவும் ஹார்மோனுக்குத் தூரத்துச் சொந்தம்.

ஆனாலும் ஹார்மோன் என்ற பட்டம் உடனே கிடைக்கவில்லை. வெளியிலிருந்து தடவினால் செடி வளர்கிறது என்பது சரி. தன் சொந்த வளர்ச்சிக்கு அது செடிக்குத் தேவையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது, நன்றாக வளர்ந்த செடி அல்ல, வளரவே முடியாத குட்டைச் செடி.

நம் ஊர் முளைப்பாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வைத்தால் வெளிறிப்போய், நெடுநெடுவென்று நீள்கிறது. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு களைச்செடியும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் ஜோன் கோரி (2024-இல் மறைந்தார்) ஆராய்ந்த ஒரு பிறழ்வுச் செடியோ இருட்டிலும் குட்டையாகவே இருந்து, வெளிச்சத்தில் வளர்ந்தது போல இலை விரித்தது. அதில் பழுதான மரபணு, ஸ்டீராய்டு தயாரிக்கும் ஒரு நொதிக்கானது என்று 1996-இல் தெரிந்தது. பிராசினோலைடு கொடுத்ததும் குட்டைச் செடி தேறியது. சந்தேகம் தீர்ந்தது.

அதே வருஷம் கிளவுஸ் என்பவர் குழு இன்னொரு குட்டைச் செடியை அறிவித்தது. எவ்வளவு பிராசினோலைடு கொடுத்தாலும் அதற்கு உறைக்கவில்லை. சரக்கு இருக்கிறது, வாங்குகிறவன் இல்லை! 1997-இல் ஜியான்மிங் லீயும் கோரியும் அந்தப் பழுதைக் கண்டுபிடித்தார்கள். 'பிரி-1' என்னும் ஏற்பி கெட்டிருந்தது. மனித உடலில் ஸ்டீராய்டு பெரும்பாலும் செல்லுக்குள் நுழைந்து உள்ளேயிருக்கும் ஏற்பியைப் பிடிக்கும். செடியிலோ ஏற்பி செல்லின் மேற்பரப்பில், வாசற்படியிலேயே நிற்கிறது. 2011-இல் அதன் வடிவமும் தெரிந்தது. சுருண்ட கம்பி போன்ற அமைப்பு. ஓரிடத்தில் ஒரு குழி. அதில் ஹார்மோன் போய் உட்காருகிறது. உட்கார்ந்ததும் 'பாக்-1' என்ற துணைப் புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பிறகு உள்ளே செய்தி போகிறது. சாதாரண நேரத்தில் 'பின்-2' என்ற நொதி, வளர்ச்சி மரபணுக்களை இயக்கும் புரதங்களைக் கட்டிப்போட்டிருக்கும். வாசலில் ஹார்மோன் வந்ததும் பின்-2 அடங்குகிறது; கட்டவிழ்ந்த புரதங்கள் செல்லின் உட்கருவில் சேர, செல்கள் நீள்கின்றன. ஆக, முடுக்குவதைவிடத் தடையை எடுப்பதுதான் இங்கே வேலை.

செடிகொடிகளுக்கு ஓரறிவு, அது தொடு உணர்வு என்று கேட்டு வளர்ந்தவன் நான். செல்லின் மேற்பரப்பில் உணர்கிறது என்று படித்தபோது சற்றே புல்லரித்தது உண்மை. ஆனால் முன்னோர் இதை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று நான் எழுதினால் அது அவர்களுக்கும் மரியாதை இல்லை, அந்த ஆய்வாளர்களுக்கும் மரியாதை இல்லை.

ஜப்பான், கொரியா விவசாயிகள் 'உசு' என்ற குட்டை பார்லியை நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தார்கள். காற்றில் சாயாது என்பது காரணம். அதில் இதே பிரி-1 ஏற்பியில் சிறு மாற்றம் இருப்பது 2003-இல் தெரிந்தது. செடிக்குப் பழுது, விவசாயிக்கு லாபம்.

அந்த விற்பனையாளர் அடுத்த பருவத்தில் மறுபடி வந்தார். இந்த முறை உட்கார வைத்து டீ கொடுத்தேன். எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில், எத்தனை மில்லி என்று கேட்டேன். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.