இசைத்தட்டு காட்டிய வழி

பாட்டைக் கேட்டுத் தலையசைப்பவன் ரசிகன். அப்பாட்டையே அடையாளமாகக் கொண்டு, பாடியவரின் வீட்டு வாசலைத் தேடிச் சென்ற ரசிகர்களும் உண்டு. அமெரிக்க நாட்டுப் ‘புளூஸ்’ இசையின் வரலாற்றில் 1963, 1964 ஆகிய இரண்டு ஆண்டுகள் அத்தகையோருக்கு உரியவை.

அடிமைத்தளை சட்டத்தால் நீங்கிய பின்னும் மிசிசிப்பி முதலிய தென் மாநிலங்களின் பருத்தி வயல்களில் வாரத்துக்கு உழுது வறுமையில் உழன்ற கறுப்பின மக்களிடையே பிறந்தது புளூஸ். ஒரு குரல், ஒரு கிதார். பாடிய அடியையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறும் அமைப்பு. பெரும்பாலும் இவ்வளவே. 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் இதனைக் கறுப்பின மக்களுக்கென்றே பதிந்து விற்றன. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அவ்வணிகத்தை முறித்தது. பாடகர் பலர் கலப்பைக்கே திரும்பினர். சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த இளைய தலைமுறை மின்கிதாரின் முழக்கத்துக்குச் செவி பழகியது. பழைய தட்டுகளைச் சில காசுகளுக்கு வாங்கிச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களே. அவர்களுள் ஹாரி ஸ்மித் என்பார் 1952-இல் பழம்பதிவுகள் 84-ஐத் தொகுத்து வெளியிட்டார். அவற்றுள் இரண்டு மிசிசிப்பி ஜான் ஹர்ட் பாடியவை.

ஹர்ட் 1928-இல் ஓக்கே நிறுவனத்துக்காகப் பாடியவர். ஒலிப்பதிவுக்கு நியூயார்க் சென்றிருந்தபோது ஊர் நினைவு மேலிட, அவலான் என்னும் தம் சிற்றூரின் பெயரை ஒரு பாட்டில் வைத்தார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அப்பதிவைக் கேட்ட டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர், பழைய நிலப்படம் ஒன்றில் கிரீன்வுட்டுக்கும் கிரெனடாவுக்கும் இடையே அவ்வூரைக் கண்டு, 1963-இல் நேரே அங்குச் சென்றார். ஹர்ட் அவ்வூரிலேயே மாடு பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு கிதார்கூட அவரிடம் இல்லை. வந்தவரை மத்தியப் புலனாய்வுத் துறையினர் என்றெண்ணி அவர் அஞ்சினாராம். அதைப் பேதைமை என்று நாம் நகைத்தல் ஆகாது. அந்த ஆண்டில்தான் அருகிலிருந்த கிரீன்வுட்டில், வாக்குரிமை வேண்டி ஊர்வலம் வந்த கறுப்பின மக்கள்மீது காவலர் நாயை ஏவினர்.

அக்கோடையில் நியூபோர்ட் இசைவிழாவில் ஹர்ட் பாடினார். விரல்கள் தம் பழந்தொழிலை மறந்திருக்கவில்லை. மூன்றாண்டுகளே அப்புகழை அவர் துய்த்தார், 1966-இல் மறைந்தார்.

சன் ஹவுஸின் கதை வேறு. 1930-இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாடிய அவரை 1964 ஜூனில் மூன்று ரசிகர்கள் தெற்கே தேடியலைந்தனர். இறுதியில் வடக்கே, நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் கண்டனர். (அதே ஜூனில் மிசிசிப்பியில் குடியுரிமைத் தொண்டர் மூவர் கொலையுண்டனர். தெற்கே அலைந்தவர்கள் எத்தகைய மண்ணில் அலைந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.) ஹவுஸ் வாசிப்பை விட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன, தாம் இயற்றிய பாடல்களே அவருக்கு மறந்திருந்தன. ஆலன் வில்சன் என்னும் இருபது வயது வெள்ளை இளைஞர், இசைத்தட்டுகளைக் கேட்டே அப்பாடல்களைக் கற்றிருந்தவர், எதிரே அமர்ந்து வாசித்துக் காட்டினார். 1930-இல் தாம் எப்படி வாசித்தார் என்பதை அம்முதியவர் ஒரு சிறுவரிடம் மீண்டும் கற்றார்.

இதனைக் குருபக்தி என்பதா, அன்றித் தட்டில் உறைந்த குரலையே மீண்டும் கேட்க விரும்பிய ரசிகரின் பிடிவாதம் என்பதா? இரண்டும் கலந்ததென்றே எனக்குத் தோன்றுகிறது. அம்முதியவர் 1964-இல் என்ன பாட விரும்பினார் என்பதைவிட, 1930-இல் என்ன பாடினார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. எனினும் அப்பிடிவாதம் இல்லையேல் அவர் மீண்டும் கிதாரைத் தொட்டிருப்பாரோ, ஐயமே. 1965-இல் கொலம்பியா நிறுவனம் அவர் பாட்டைப் பதிந்தபோது, இரண்டு பாடல்களில் வில்சனும் உடன் வாசித்தார்.

மாணவரும் ஆசிரியருமாக ஒருங்கே விளங்கிய வில்சன், 1970-இல் இருபத்தேழு வயதிலேயே இறந்தார். சன் ஹவுஸ் 1988 வரை வாழ்ந்திருந்தார்.