வாக்குமூலத்தில் பிறந்த மோகினி: 'டபுள் இன்டெம்னிட்டி'யில் குரலும் காட்சியும்

பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஃபிலிஸ் டீட்ரிக்சனிடமிருந்தே தொடங்குகிறார்கள். பொன்னிற விக், கணுக்காலில் மின்னும் சங்கிலி, துண்டு சுற்றியபடி மாடியில் நிற்கும் முதல் தோற்றம் என, பார்பரா ஸ்டான்விக் ஏற்ற அந்த வேடம் நுவார் எனப்படும் இருண்ட குற்றப் படங்களின் மோகினிக்கு இலக்கணமாகிவிட்டது. தன் பாட்டுக்கு வேலை பார்த்துவந்த காப்பீட்டு முகவர் வால்டர் நெஃபை அவள் மயக்கிக் கொலைகாரனாக்கினாள் என்று கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அந்தச் சுருக்கம் நெஃபின் வாக்குமூலத்துக்குப் பொருந்தும்; வைல்டரின் படத்துக்குப் பொருந்தாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கதை யார் வாய்வழி வருகிறது என்று முதலில் கேட்க வேண்டும். 1938 ஜூலை 16 இரவு, குண்டடிபட்ட நெஃப் லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகத்துக்குள் தள்ளாடி வந்து, குரலைப் பதிவுசெய்யும் டிக்டஃபோன் முன் அமர்கிறான். அவன் பேசுவது கிளெய்ம் பிரிவின் பார்ட்டன் கீஸுக்காக. பொய்யான கோரிக்கைகளை மோப்பம் பிடிப்பதில் கீஸை மிஞ்ச ஆளில்லை, எட்வர்ட் ஜி. ராபின்சன் அவரை மறக்க முடியாதவராக்கினார். நெஃப் வாய் திறக்கும்போது ஃபிலிஸ் உயிரோடு இல்லை. மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில், தான் பெரிதும் மதிக்கும் ஒருவர் முன்னால், குற்றவாளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை இது. எந்த நீதிமன்றமும் இப்படிப்பட்ட சாட்சியத்தைக் குறுக்கு விசாரணையின்றி எளிதில் ஏற்காது. விமர்சனம் மட்டும் ஏற்றுக்கொண்டது.

அவன் சொற்களையே கவனமாகக் கேட்டாலும் பழைய சுருக்கம் நிலைக்காது. கணவருக்குத் தெரியாமல் விபத்துக் காப்பீடு எடுக்க முடியுமா என்று ஃபிலிஸ் கேட்கிறாள், உண்மைதான். ஆனால் அடுத்த ஒவ்வொரு அடியும் நெஃபுடையது. வேறொரு படிவம் என்று நம்பவைத்துக் கையெழுத்து வாங்குபவன் அவன். ரயில் விபத்தில் இறந்தால் இரட்டைத் தொகை என்ற விதியைக் காட்டி, 50,000 டாலர் பாலிசியை 100,000 டாலராக்கத் திட்டமிடுபவனும் அவனே. சூதாட்ட மேசையை நடத்துபவனுக்கு, அந்த மேசையை ஏமாற்றும் வழி மற்றவரைவிட நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் ஃபிலிஸைச் சந்திக்கும் முன்பே தனக்குள் இருந்தது என்பதை அவனே ஒப்புக்கொள்கிறான். குற்றம் காத்துக்கொண்டிருந்தது. கதவு மணியை அடித்தவன் அவன்தான்.

இந்தக் கதையின் வேரைத் தேடினால் வாதம் வலுப்பெறுகிறது. படத்துக்கு மூலமான குறுநாவலை ஜேம்ஸ் எம். கெய்ன் 1936இல் 'லிபர்ட்டி' இதழில் தொடராக எழுதினார். அதன் பின்னணியில் இருப்பது 1927இல் நியூயார்க்கை உலுக்கிய ரூத் ஸ்னைடர் வழக்கு. ஸ்னைடரும் காதலர் ஜட் கிரேயும் சேர்ந்து கணவர் ஆல்பர்ட்டைக் கொன்றார்கள். அதற்கு முன் அவருக்குத் தெரியாமல் இரட்டை இழப்பீட்டு விதியுள்ள பாலிசி எடுக்கப்பட்டிருந்தது. விசாரணையில் கிரே தரப்பு முன்வைத்த வாதம் நமக்குப் பழக்கமானது: சாதுவான மனிதர், ஆட்டிப்படைக்கும் ஒரு பெண்ணின் பிடியில் தன்னிலை இழந்தார். ஜூரி அதை ஏற்கவில்லை. 1928 ஜனவரி 12 அன்று சிங் சிங் சிறையில் இருவரும் மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். அந்த அறைக்குள் ஒரு புகைப்படக்காரர் கணுக்காலில் கட்டி மறைத்துச் சென்ற கேமரா, சாகும் ஸ்னைடரைப் படம் பிடித்தது. 'டெய்லி நியூஸ்' அதை முதல் பக்கத்தில் போட்டது. நாடு பார்த்த மரணம் அவளுடையது மட்டுமே. மோகினி என்ற உருவம் இங்கே பிரதிவாதி வழக்கறிஞரின் வாதமாகவே தொடங்கியது. நீதிமன்றத்தில் தோற்ற அந்த வாதத்துக்கு வெகுஜனக் கற்பனை மறுவாழ்வு தந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: படத்தின் நடுவிலுள்ள கொலைக் காட்சி. காரை ஃபிலிஸ் ஓட்டுகிறாள். அருகில் கணவர், பின்னால் ஒளிந்திருக்கும் நெஃப். ஏற்கெனவே பேசிவைத்த ஹாரன் ஒலி எழுகிறது. கழுத்து நெரிபடுவதை நாம் பார்ப்பதில்லை. ஒளிப்பதிவாளர் ஜான் எஃப். சைட்ஸின் கேமரா ஃபிலிஸின் முகத்தைவிட்டு விலகுவதே இல்லை. அந்த முகத்தில் ஒரு நிறைவு மெல்லப் படர்கிறது. இவள் குற்றமற்றவள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. செவிலியாக வந்து கணவரின் முதல் மனைவியின் மரணத்துக்கு வழிசெய்தாள் என்று அந்த மனைவியின் மகள் லோலா வைக்கும் குற்றச்சாட்டும் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தைப் பார்ப்பது யார்? பின்னிருக்கையில் தன் வேலையில் மூழ்கியிருக்கும் நெஃபால் அதைப் பார்த்திருக்க முடியாது. அவன் குரலில் வராத, வர முடியாத ஒன்றைக் கேமரா நமக்குத் தருகிறது. அங்கே அவள் யாரையும் மயக்கவில்லை. எந்த ஆணின் கண்ணுக்காகவும் இல்லாத, முழுக்க அவளுடையதேயான ஒரு கணம் அது. அவளுடைய கொடுமை உண்மை. அவளே அவனைக் கெடுத்தாள் என்பது வேறொரு கூற்று. அதற்கான சான்று இக்காட்சியில் இல்லை.

ஆன் கேப்லன் தொகுத்த 1978ஆம் ஆண்டுத் தொகுப்பில் கிளேர் ஜான்ஸ்டன் இப்படத்தைப் பற்றி எழுதிய கட்டுரை, ஆணாதிக்க ஒழுங்குக்குள் எழும் சிக்கலாக ஃபிலிஸை வாசித்தது. அந்த வாசிப்புக்கு இத்துறை பெரிதும் கடன்பட்டுள்ளது. அதோடு பணத்தின் கணக்கையும் சேர்க்க வேண்டும் என்பேன். கணவரின் சொத்து லோலாவுக்குத்தான் போகும் என்று ஃபிலிஸ் சொல்கிறாள். அந்த வீட்டில் அவள் பெயருக்கு வரக்கூடிய ஒரே தொகை, கணவர் விபத்தில் செத்தால் கிடைப்பது. மனித உயிருக்கு விலைப்பட்டியல் வைத்திருப்பது காப்பீட்டு நிறுவனம். அவள் அதைப் படித்துப் பார்த்தாள்.

படத்தின் முடிவுக்கு வருவோம். கெய்னின் கதை இதழில் தொடராக வரும் முன்பே, 1935இல், தணிக்கை அதிகாரி ஜோசஃப் பிரீனின் அலுவலகம் அதைப் படமாக்கத் தடை சொன்னது. 1943இல் வைல்டரும் ரேமண்ட் சாண்ட்லரும் எழுதிய திரைக்கதைக்கு வழிவிட்டது. நெஃப் விஷவாயு அறையில் சாகும் காட்சி பெரும் செலவில் எடுக்கப்பட்டுப் பின் வைல்டராலேயே வெட்டப்பட்டது. மேதைமை வாய்ந்த வெட்டு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதனால் நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். ஃபிலிஸ் நெஃபை ஒருமுறை சுட்டு, மறுமுறை சுடாமல் நிற்கிறாள். நெஃப் அவளை அணைத்தபடி இருமுறை சுடுகிறான். அவள் சாவு திரையில் நிகழ்கிறது. அவனுக்கோ கீஸ் சிகரெட் பற்றவைக்க, நம் இரக்கம் அவனோடு தங்கிவிடுகிறது.

திரைப்படக் கல்வியில் இப்படத்தைப் பாடமாக வைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோகினிக்கு எடுத்துக்காட்டாக இதை அறிமுகப்படுத்தும் முன், நெஃபின் விவரிப்புக் குரலை நிறுத்திவிட்டு ஒருமுறை முழுப்படத்தையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். யார் எதைச் செய்தார் என்பதை அவர்களே எழுதட்டும்.