இரு அறிக்கைகளுக்கு இடையே

தென்னாட்டு வரலாற்றில் 1801ஆம் ஆண்டு தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு சூன் 16ஆம் நாள் திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனை வாயிலிலும், திருவரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பெற்றிருக்கக் கண்டனர் மக்கள். அவ்வாண்டே டிசம்பர் முதல் நாள் சென்னைக் கோட்டையிலிருந்து மற்றோர் அறிக்கை வெளிவந்தது. முன்னது மருதுபாண்டியர் விடுத்தது; பின்னது ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஐந்தரைத் திங்களில்தான் பாளையக்காரர் கிளர்ச்சி உச்சத்தை எட்டியதும் ஒடுங்கியதும்.

பாளையங்களின் தோற்றம் பதினாறாம் நூற்றாண்டினது. மதுரையில் நாயக்கர் ஆட்சியை நிலைநிறுத்திய விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது மரபு. வடக்கேயிருந்து வந்து கரிசல் மண்ணில் குடியேறிய தெலுங்கு பேசும் நாயக்கர்கள் ஒருபால். மேற்கு மலையடிவாரத்தில் முன்னரே வேரூன்றிய மறவர்கள் மற்றொருபால். எல்லையைக் காப்பதும், வேண்டும்போது படை திரட்டித் தருவதும், ஊர்க்காவல் புரிவதும் அவர்தம் கடமைகள். காவலுக்கு ஈடாக நிலமும் வரியும் அவர்க்கு உரியவாயின. குடியேறி வந்தவர்க்கும் மண்ணின் மைந்தர்க்கும் இரண்டு நூற்றாண்டுகளில் அந்நிலமே தாயகமாயிற்று.

இவ்வுரிமையில் கும்பினியார் கை வைத்ததே போருக்கு விதை. நவாப் முகமது அலி பட்ட கடனுக்கு ஈடாகத் தண்டல் உரிமை சிறிது சிறிதாகக் கை மாறியது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் நேரே திறை வாங்கும் அதிகாரம் கும்பினிக்குக் கிட்டியது. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் முன்னரே தொடங்கிவைத்த எதிர்ப்பைப் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் தொடர்ந்தார். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்றார். அதனோடு எல்லாம் அடங்கியது என்று கருதியவர் ஏமாந்தனர். 1801 பிப்ரவரி 2ஆம் நாள் அவர்தம் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். இடிக்கப்பெற்ற கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. மே 24ஆம் நாள் கர்னல் அக்னியூவின் படை அதனைக் கைப்பற்றியபோது, ஊமைத்துரை சிவகங்கைச் சீமையை அடைந்தார்.

அடைக்கலம் தந்த மருது சகோதரர்கள் அரச மரபினர் அல்லர். முத்துவடுகநாதரிடம் பணிபுரிந்து, 1772இல் அவர் காளையார்கோவிலில் வீழ்ந்தபின் வேலு நாச்சியாருக்குத் துணைநின்று, 1780இல் சீமையை மீட்ட பிரதானிகள். அவர்தம் கிளர்ச்சி ஒரு பாளையத்தின் பூசலாக நிற்கவில்லை. விருப்பாச்சி கோபால நாயக்கர் முதலானோருடன் கூட்டணியாக விரிந்தது. திருச்சியில் ஒட்டிய அறிக்கையே அதற்குச் சான்று. சம்புத்தீவைச் சார்ந்த எல்லாச் சாதியாரையும், முசுலிம்களையும், கும்பினிப் படையில் பணிபுரிந்த சிப்பாய்களையும் அது ஒருங்கே விளித்தது. நவாபின் அறியாமையால் ஐரோப்பியர் நாட்டைக் கவர்ந்தனர் என்றும், மக்கள் சோற்றுக்கு வழியின்றி வாடுகின்றனர் என்றும் எடுத்துரைத்து ஆயுதம் ஏந்த அழைத்தது.

அதன் எல்லையையும் மறைத்தல் ஆகாது. அவரவர் பரம்பரை உரிமை அவரவர்க்கு மீள வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் கனவு. குடிகள் தாமே ஆளும் நாடு அன்று. எனினும் பகைவன் யார் என்பதைச் சாதியும் சமயமும் கடந்து பொதுமக்கள் முன் எழுத்தில் வைத்த துணிவு அந்நாளில் அரிது.

போர்க்களம் தெற்கே இருக்க, சென்னையில் வேறொரு காய் நகர்ந்தது. மயிலைக்கு அணித்தேயுள்ள சேப்பாக்கம் அரண்மனையில் சூலை 15ஆம் நாள் நவாப் உம்தத்-உல்-உம்ரா மறைந்தார். அத்திங்கள் 31ஆம் நாளே கர்நாடக நாடு முழுவதும் உடன்படிக்கை ஒன்றால் கும்பினிக்கு ஆயிற்று. களத்திலும் கும்பினி பீரங்கியை மட்டும் நம்பவில்லை. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்து, குடிகளின் பற்றை இரண்டாகப் பிளந்தது. புதுக்கோட்டையும் எட்டையபுரமும் முன்னரே அதன் பக்கம். அக்டோபர் முதல் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலேறினர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 73 பேர் 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பெற்றனர்.

கிளைவின் அறிக்கை இதற்குப்பின் வந்ததே. படைக்கலம் வைத்திருத்தலை அது தடை செய்தது, கோட்டைகள் இடிபட்டன, பணிந்தோர் சமீன்தார் ஆயினர். காவற்காரர் வரி செலுத்துவோராகச் சுருங்கினர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணை உழுது ஆமணக்கு விதைத்து, ஊர்ப்பெயரையும் பதிவேட்டினின்று நீக்கினர்.

பதிவேட்டில் அழிந்த பெயர் பாட்டில் அழியவில்லை. கூத்தும் கதைப்பாடலும் கும்மியும் அம்மானையும் அதனைக் காத்தன. கட்டபொம்மு கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்தார். சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வெளியீடாக அச்சேறின. 1959இல் சிவாஜி கணேசன் நடித்த வீரபாண்டிய கட்டபொம்மனும், கவிஞர் கண்ணதாசன் உருவாக்கிய சிவகங்கைச் சீமையும் திரைக்கு வந்தன. இன்று தியாகராய நகரில் அவ்விருவர் பெயராலும் சாலைகள் உள்ளன. மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்ற ஆங்கிலேயர் ஜேம்ஸ் வெல்ஷ், பின்னர் அவருக்கு எதிராகவே போரிட்டவர். அவரும் 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் அப்பழைய நட்பை மறவாது குறித்தார்.

ஒரு வியப்பு எஞ்சுகிறது. மருதுவின் அறிக்கை வாசகம் பிற்காலத்தார்க்குக் கிட்டியது, அதனைப் பகைவர் தம் ஆவணங்களில் சேர்த்துவைத்தமையால். போராடியவரின் உணர்வையோ எழுத்தறியாப் பாடகர் காத்தனர். ஆவணம் நாளையும் பெயரையும் தருகிறது. பாடல் இழப்பின் வலியைத் தருகிறது. ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொண்டால் வரலாறு குறைபடும். தோற்றவர் பக்கம் நின்று பாடிய அப்பெயரறியாப் புலவர்களே இப்போரின் இறுதிக் காவலர்கள். கவிதையைத் தொழிலாகக் கொண்டோர் அவர்க்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.