ஒலித்தொகுப்பிகளின் தொனிப்பண்பு: கருவியும் கணினி நிரலும்

சிந்தசைசர் என வழங்கும் ஒலித்தொகுப்பிகளை ஆராய்வோர் அவற்றை இரு வகையாகப் பிரிப்பர். மின்சுற்றும் விசைப்பலகையும் கொண்டு கையால் இயக்கப்படும் கருவி ஒன்று. கணினியில் நிரலாக மாத்திரம் இயங்கும் மென்பொருள் மற்றையது. கருவியே மூலம், மென்பொருள் அதன் நகல் என்பதும், மூலத்தின் ஒலி கதகதப்பானது, நகலின் ஒலி உயிரற்றது என்பதும் இசைவாணரிடையே பெரிதும் நிலவும் கருத்துக்களாகும். இவை வரலாற்றுச் சான்றுகளோடு எவ்வளவு தூரம் பொருந்துகின்றன என்பதை நாம் இங்கு நோக்குவோம்.

முதலிற் கால முறைமை. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் மத்யூஸ் எழுதிய நிரலொன்று, ஐபிஎம் 704 கணினியைக் கொண்டு 17 விநாடி நீளமான இசைத்துண்டொன்றை ஆக்கியது. றொபேட் மோக் தமது முதற் கருவியை உருவாக்கியதோ 1964இல். ஆகவே நிரல் கருவிக்கு ஏழாண்டு மூத்தது. எனினும் அக்காலக் கணினி, ஒலி நீடிக்கும் நேரத்தினும் பன்மடங்கு நேரத்தைக் கணிப்புக்கு எடுத்துக்கொண்டது. விரல் பட்டதும் விடையிறுக்கும் ஆற்றல் அதற்கில்லை. மோக்கின் மின்சுற்றுக்கு அவ்வாற்றல் இருந்தது. 1968இல் வெண்டி காலோஸ் பாக்கின் இசையை அக்கருவியில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு பெரும் வரவேற்பைப் பெற்றபின், மின்னிசை என்றால் மோக்கின் ஒலி என்றே கேட்போர் கொண்டனர். கருவிக்கு மூலம் என்னும் தகுதி இவ்வாறே வந்து சேர்ந்தது.

அவ்வொலியின் இயல்பு யாது? மோக் 1969இற் காப்புரிமை பெற்ற வடிகட்டியில், திரான்சிற்றர்ச் சோடிகள் ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. குறித்த மீடிறனுக்கு மேற்பட்ட மேற்றொனிகளை ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபெல் வீதம் தணிப்பது அதன் தொழில். திரான்சிற்றரோ தன்னிடம் வரும் சைகை சிறிதாயிருக்கும்வரையே நேர்மையாக நடந்துகொள்ளும். சைகை பெருத்தால் அலையின் முகடுகளை மழுக்கிப் புதிய மேற்றொனிகளைப் பிறப்பிக்கும். 1970இல் வெளிவந்த மினிமோக் கருவியில், பொறியியலாளர் ஒருவரின் கணக்குப் பிசகினால், வடிகட்டிக்குச் செல்லும் சைகை கருதியதைவிட வலிதாக அமைந்துவிட்டது. பின்னர் உலகம் புகழ்ந்த தடித்த தொனிக்கு அப்பிசகும் ஒரு காரணம். இதனோடு, அக்கருவியின் மூன்று அலையியற்றிகளும் வெப்பநிலை மாறுந்தோறும் சிறிது சுருதி நழுவுவன. ஒரே சுரத்தில் நிறுத்தப்பட்ட மூன்றும் முற்றாக ஒத்திராமையால் அவற்றிடையே அடிப்புகள் எழுந்து, ஒலி ஓயாது அசைந்துகொண்டிருக்கும். கதகதப்பு என்று வருணிக்கப்படுவதன் பெரும்பகுதி இவ்விரண்டினுள் அடங்கும் என்பது எமது கருத்து.

பொறியியலாளர் இவற்றைக் குறைகளாகவே கருதினர் என்பது மறக்கத்தக்கதன்று. 1978இல் வெளிவந்த புரொபெற்-5 என்னும் ஐங்குரற் கருவியிற் சுருதியைத் தானே திருத்தும் பொத்தான் வைக்கப்பட்டது. 1980இன் மூன்றாம் வடிவத்தில் நிலையான சுருதி வேண்டி ஒருங்கிணைந்த சுற்றுக்களையே மாற்றினர்.

மென்பொருள் ஆக்கியோரை எதிர்கொண்ட இடர்கள் வேறு வகையின. விநாடிக்கு 44,100 மாதிரிகளாக ஒலியைக் கணிக்கும் நிரலில், 22,050 ஹேட்சுக்கு மேற்பட்ட மேற்றொனிகள் மறைந்துவிடுவதில்லை. மடங்கித் திரும்பி, மூலச் சுரத்தோடு இயையாத கீழ் மீடிறன்களாகத் தோன்றும். தொடக்ககால மென்பொருள்களின் உயர்சுரங்களிற் கேட்ட கரகரப்புக்கு இதுவே காரணம். மேலும், ஏணி வடிகட்டியின் வெளியீடு அதன் உள்ளீட்டுக்கே மீளவும் ஊட்டப்படுவது. மின்சுற்றில் அக்கணமே நிகழும் இது, எளிய நிரலில் ஒரு மாதிரியளவு பிந்தியே நிகழும். அச்சிறு தாமதம் பரிவின் சுருதியை இடம்பெயர்த்துவிடும். 1996இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரிம் ஸ்ரில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் இவ்விரு சிக்கல்களையும் ஆராய்ந்தனர். 2004இல் பின்லாந்தைச் சேர்ந்த அன்ரி ஹுவோவிலைனன், ஏணியின் ஒவ்வொரு படியும் அலையை மழுக்கும் அளவைத் தனித்தனியே கணிக்கும் முறையொன்றை வெளியிட்டார். ஒருவர் கணக்குப் பிசகி உண்டாக்கியதை மற்றொருவர் கணக்கிட்டு மீட்கவேண்டியிருந்தமை இவ்வரலாற்றின் சுவையான பகுதிகளுள் ஒன்று.

நகல் எப்போதும் நிரலே என்னும் கருத்தும் நிலைக்காது. ஜோன் சௌனிங் 1967இல் ஸ்ரான்போர்ட்டில், கணினி நிரலைக்கொண்டே, மீடிறன் பண்பேற்றத்தால் தொனியை ஆக்கும் முறையைக் கண்டறிந்தார். அம்முறையைப் பெற்ற யப்பானின் யமஹா நிறுவனம் 1983இல் டிஎக்ஸ்7 கருவியை வெளியிட்டது. இங்கு நிரல் மூலம், கருவி நகல். அக்கருவி முற்றும் இலக்கமுறையில் இயங்குவது. ஆகவே அதனை மென்பொருளாக மீள ஆக்குவோர் அதே கணிதத்தையே செய்கின்றனர். எஞ்சும் வேறுபாட்டிற் பெரும்பங்கு, எண்களை மின்னலையாக்கும் அக்கால மாற்றியின் இரைச்சலிலும் கரட்டுத்தன்மையிலும் தங்கியுள்ளது. 1995இல் சுவீடனில் வெளியான நோட் லீட் கருவியோ கைக்குமிழ்கள் நிறைந்ததாயினும், அதனுள் ஒலியை ஆக்கியது நிரலே. செவி உணர்வது ஒப்புமைமுறைக்கும் இலக்கமுறைக்கும் இடையிலான வேறுபாட்டையேயன்றி, கருவிக்கும் கணினிக்கும் இடையிலான வேறுபாட்டையன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டமையே மேற்கூறிய வழக்காற்றின் அடிப்படைத் தவறாகும்.

ஒலிப்பதிவுகளை ஆராய்வோருக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. மினிமோக் 1970 முதல் 1981 வரை உற்பத்தியானது. இடையே அதன் அலையியற்றிச் சுற்று மாறியது. ஒரே ஆண்டிற் செய்யப்பட்ட இரு கருவிகளேனும் உறுப்புகளின் சிறு வேறுபாட்டாலும் முதுமையாலும் ஒத்தொலிப்பதில்லை. மென்பொருள் ஆக்குவோர் அவற்றுள் ஒன்றிரண்டை அளந்தே மாதிரியாகக் கொள்கின்றனர். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர்க்குப் பாடபேதம் எத்தகையதோ, அத்தகையது இது. நகல் மூலத்தை ஒக்குமா என்று வினவுமுன், எந்த மூலத்தை என்று வினவல் வேண்டும்.

2020இற் புரொபெற்-5 மீண்டும் கருவியாகவே வெளியிடப்பட்டது. அதில் 1980க்கு முந்திய வடிகட்டியையும் பிந்தியதையும் மாற்றித் தெரிய ஓர் ஆளி உண்டு. அதனோடு, ஐந்து குரல்களும் பழைய கருவியிற்போல ஒன்றோடொன்று பிணங்கும் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கென்றே ஒரு குமிழும் வைத்துள்ளனர்.