வீசமும் அரைவீசமும்

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பு, இயற்பியல் ஆசிரியனான என் தலையில் விழுந்தது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து பேருந்தில் வரும் மாணவன் ஒருவன் ஒளியியல் நூலைக் கேட்டு மூன்று முறை வெறுங்கையுடன் திரும்பியிருந்தான். இருப்பதே ஒரு படிதான். மனம் நெகிழ்ந்து நான்கு பக்கம் எழுதினேன். கல்வியின் பெருமை அதில் நிறைய இருந்தது. எண்கள் மட்டும் இல்லை. விண்ணப்பம் இரண்டு கேள்விகளுடன் திரும்பி வந்தது: எத்தனை பேர் படிக்கிறார்கள்? பின்வரும் ஆண்டுகளில் செலவை யார் ஏற்பார்கள்?

இக்கேள்விகளுக்கு வயது நூறுக்கு மேல். எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னகியும் அவர் நிறுவிய அறக்கட்டளையும் 1883 முதல் 1929 வரை 2,509 நூலகங்கள் எழப் பணம் தந்தனர். பணம் கேட்டு எழுதிய ஊர்களுக்கு அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் ஒரு வினாத்தாளை அனுப்புவார். மக்கள் தொகை என்ன? இப்போதுள்ள நூல்கள் எத்தனை? சென்ற ஆண்டு எத்தனை நூல்கள் இரவல் போயின? மனை இருக்கிறதா? வரியிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவீர்கள்? கொடையில் பத்தில் ஒரு பங்கை ஊரார் ஆண்டுதோறும் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. 10,000 டாலர் பெற்றால் ஆண்டுக்கு 1,000 டாலர். அமெரிக்கக் கல்லூரி நூலகங்களும் நூற்றுக்கு மேற்பட்டவை அவர் பணத்தில் எழுந்தன. அவற்றில் பலவற்றிடம், கொடைக்கு நிகரான மூலதனத்தை நீங்களும் திரட்டுங்கள் என்றார். கறாரான மனிதர்தான்! ஆனால் பூட்டிக் கிடக்கும் கட்டடத்தால் யாருக்கு என்ன பயன்?

நம் நாட்டிலும் இதே கணக்கைக் காணலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பயனாக, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு 6 பை நூலக வரி. அன்றைய ரூபாய்க்கு 192 பை; ஆகவே இது 32-இல் ஒரு பங்கு, அதாவது அரைவீசம். சென்னை நகரம் நீங்கலாகப் பிற மாவட்டங்களில், திரண்ட வரிக்குக் குறையாத தொகையை அரசும் தர வேண்டும். அந்நாளில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இது பொருந்தியது.

கல்லூரிகளுக்கும் ஓர் அளவுகோல் கிடைத்தது. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு (1948-49), பல்கலைக்கழக வரவுசெலவில் நூற்றுக்கு ஆறேகால் பங்கை, அல்லது மாணவர் ஒருவருக்கு 40 ரூபாயை நூலகத்துக்கு ஒதுக்கலாம் என்றது. ஆறேகால் என்பது சரியாக வீசம். பரிந்துரைதான், கட்டளை அன்று. எனினும் கேட்பவன் கையில் ஓர் எண்ணைக் கொடுத்தது.

இரண்டாம் முறை நூலகரோடு உட்கார்ந்து ஓராண்டின் இரவல் பதிவேட்டைக் கூட்டினேன். பைண்டிங்குக்கும் புதிய படிகளுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றோம். அதற்குத்தான் நாள் பிடித்தது. கேட்டும் கிடைக்காத நூல்களுக்கு எங்களிடம் பதிவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்தோம். முதல் வரியில் அந்த ஒளியியல் நூலை எழுதினோம். மாத முடிவில் நோட்டின் கூட்டுத்தொகையையும் சேர்த்து விண்ணப்பத்தை அனுப்பினேன். இம்முறை இரண்டே பக்கம்.